புது சன், பழைய சன்

வாசலில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று கணினி சொன்னது. தனேஸ்வரி தேடிப் பார்த்துவிட்டாள். ஆள் யாரும் இல்லை.

ஐந்து தடவை முயன்றாயிற்று. ஐந்து தடவையும் திரையின் அடியில் அதே இரண்டு சொற்கள்: device busy.

அவள் வாசல் என்று நினைத்துக்கொண்டது கணினியின் முதுகில் இருந்த சீரியல் துளையை. அதிலிருந்து ஒரு சாம்பல் நிற ஒயர் கிளம்பி, சுவரைத் துளைத்துக்கொண்டு, வெளியே மோட்டார் பெட்டிக்குப் போகிறது. கணினிக்குள் ஓடும் கதவு நிரல் அந்த ஒயர் வழியாக ‘இறங்கு’ என்றால், முகத்துவாரத்தில் தொங்கும் இரும்புக் கதவு இறங்கிக் கடலை மறிக்கும். ‘ஏறு’ என்றால் ஏறி, தோட்டத்து வடிகால் தண்ணீரைக் கடலுக்கு விடும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அந்த ஒயரில் பேசலாம். இரண்டு பேர் பேசினால் கதவு யார் சொல்லைக் கேட்கும்? அதனால், பேச வருகிற நிரல் முதலில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும், கழிவறைக்குள் போகிறவர் போடுவதைப் போல. வேலை முடிந்ததும் திறந்துவிட்டு வெளியே வரும்.

இப்போது தாழ்ப்பாள் போட்டபடி இருக்கிறது. உள்ளே யாரும் இல்லை.

மணி இரண்டு ஐம்பது. ஐந்து இருபதுக்குக் கடல் ஏற்றம் உச்சத்துக்கு வரும். இந்த வருஷத்திலேயே பெரிய ஏற்றம் இன்றைக்குத்தான். கதவோ முழுக்கத் திறந்து கிடந்தது.

கோலா சிலாங்கூரைத் தாண்டி வடக்கே, கடற்கரை ஓரத்துச் செம்பனைத் தோட்டம் அது. காலையில் கடல் வற்றியிருந்த நேரத்தில் கதவு நிரல் வழக்கம்போலக் கதவைத் தூக்கியிருக்கிறது. பதினொன்றரைக்குப் பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. கதவு நிரல் அப்படியே உறைந்துபோனது. ஆலைகளிலும் தோட்டங்களிலும் இருக்கும் பழைய கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சின்னக் கம்பெனி ஒன்று ரவாங்கில் இருக்கிறது. தனேஸ்வரி அங்கே ஏழு வருஷமாக வேலை பார்க்கிறாள். போன் வந்ததும் அவளைத்தான் அனுப்பினார்கள்.

வந்தவுடன் உறைந்து கிடந்த நிரலைக் கொல்லத்தான் பார்த்தாள். கை பழக்கத்தில் killall என்று தட்டி, பக்கத்தில் நிரலின் பெயரையும் தட்டியது. அந்தப் பெயருள்ள நிரலைக் கொல்லும் கட்டளை, அவள் பழகிய லினக்ஸ் கணினிகளில் ஒரு நாளைக்குப் பத்து தடவை தட்டுவது. விரல் கடைசி விசைக்குப் போகும்போது தகரக் கூரைக்கு மேலே இடி உறுமியது. கையை இழுத்துக்கொண்டாள். தெரியாத வீட்டுக்குள் வந்திருக்கிறோம், பார்த்து நடப்போம் என்று ஏனோ தோன்றியது. அந்த வரியை அழித்தாள். ps aux என்று தட்டி, ஓடுகிறவர்களின் பட்டியலை வாங்கி, உறைந்த நிரலின் எண்ணைப் பார்த்து அதை மட்டும் கொன்றாள். பிறகு புதிதாக ஓட்டினாள். அப்போதுதான் அந்த இரண்டு சொற்கள் வந்தன.

செத்த நிரல் தாழ்ப்பாளைத் திறக்காமலே செத்திருக்கும். அது அவளுக்குத் தெரியும். தாழ்ப்பாள் என்பது ஒரு சின்னக் கோப்புதான். கண்டுபிடித்து அழித்துவிட்டால் போதும். ஆனால் லினக்ஸில் தாழ்ப்பாள் கோப்புகள் குடியிருக்கும் இடத்துக்குப் போனால், இங்கே அப்படி ஓர் இடமே இல்லை.

“என்னாம்மா, பேசுதா?” என்றார் அழகேசன்.

தண்ணீர்க் கதவைப் பார்த்துக்கொள்ளும் ஆள் அவர். ஐம்பத்தாறு வயது. முன்பு குலை அறுத்தவர். முதுகு போனபின் பதினைந்து பதினாறு வருஷமாக இந்தப் பம்பு வீட்டில் இருக்கிறார். நாற்காலியில் உட்காராமல் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, ஒரு கண்ணை இவள்மேலும் ஒரு கண்ணை வெளியே தண்ணீர்மேலும் வைத்திருந்தார்.

“பேசுது அண்ணே. ஆனா பொய் பேசுது.”

“பழைய சன் மெஷினு அப்படித்தான். வயசான மனுசன் மாதிரி. கேக்குறது ஒண்ணு, சொல்றது ஒண்ணு.”

“கையால இறக்க முடியாதா? சக்கரம் ஏதும் இருக்குமே?”

“இருந்திச்சு. போன தீபாவளிக்கு முன்ன பழைய இரும்புக்காரனுங்க கழட்டிட்டுப் போயிட்டானுங்க. புதுசு கேட்டு எழுதிப் போட்டிருக்கு. வரும், வரும்.”

மின்சாரக்காரர் கெர்லிங்கில் வேறு வேலையில் இருந்தார். கிளம்பிவிட்டார், வந்து சேர இரண்டரை மணி நேரமாவது ஆகும். நேராக மோட்டாருக்கு ஒயர் கொடுக்கலாமா என்று தனேஸ்வரி போனில் கேட்டதற்கு அவர் கத்தினார். எங்கே நிற்க வேண்டும் என்று மோட்டாருக்குத் தெரியாதாம். போன வருஷம் வேறு ஒரு கதவில் அப்படிச் செய்து தண்டு வளைந்து, பாதியில் சிக்கி, ஆறு நாள் கடல் உள்ளேயே கிடந்ததாம். “நான் வர்ற வரைக்கும் தொட்றாதீங்க.”

வெளியே, கதவுக்குப் பக்கத்துச் சுவரில் கறுப்பு வெள்ளையாக அளவு கீறியிருந்தது. மூன்று மணிக்குத் தண்ணீர் எட்டாவது கோட்டில் நின்றது. இருபதாவது கோட்டில் சிவப்பு. சிவப்பைத் தொட்டால் வடிகால் கரை தாண்டும். கரைக்கு அந்தப் பக்கம் லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அதில் தாழ்ந்த வரிசையில் நான்காவது வீடு அழகேசனுடையது. அவர் மனைவி விஜயராணி குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டு, மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். ஆபீஸில் சொல்லி லோரிக்கு ஏற்பாடு செய்தாயிற்று. நாலு பேர் சேர்ந்து கட்டிலோடு தூக்கி ஏற்ற வேண்டும்.

“லோரி வந்திருக்கும்” என்று அழகேசன் யாரும் கேட்காமலே சொன்னார். கொஞ்சம் கழித்து மறுபடியும் சொன்னார்.

தனேஸ்வரிக்கு இது திரை, இது விசைப்பலகை, தினமும் செய்கிற வேலை. ஆனால் இன்றைக்குத் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டில் இருந்தது.

முதலில் இது எந்த வீட்டுக் கணினி என்று தெரிய வேண்டும். அதில்தான் வினோதம். பெட்டியின் நெற்றியில் மங்கிய ஒட்டுத்தாள்: சோலாரிஸ் 2.6. ஆனால் நீ யார் என்று கணினியையே கேட்டால் அது சொல்வது வேறு: சன் ஓ.எஸ். 5.6.

“ரெண்டு பேரா இதுக்கு?” என்றார் அழகேசன் எட்டிப் பார்த்து. “எனக்கும் அப்படித்தான். பொறப்பு சூராட்டுல ஒரு எழுத்து, ஐசி கார்டுல ஒரு எழுத்து. பாங்குக்குப் போனா நான் யாருன்னு எனக்கே சந்தேகம் வந்துரும்.”

“எழுத்து மாறியிருந்தா பரவால்ல அண்ணே. குடும்பமே மாறுது.”

அவளுக்குத் தெரிந்தவரை கதை இப்படி. யூனிக்ஸ் என்ற மூத்த குடும்பத்தில் இரண்டு கிளை. ஒன்று, அதைப் பெற்ற தொலைபேசிக் கம்பெனியிலேயே வளர்ந்தது. அதன் பெயர் சிஸ்டம் ஃபைவ். இன்னொன்று கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தத்துப் போய் வளர்ந்தது, அது பி.எஸ்.டி. இரண்டும் ஒரே மாதிரி முகம். ஆனால் வீட்டு வழக்கம் வேறு. ஒரே சாமானை ஒருவர் அடுப்படியில் வைப்பார், மற்றவர் பரணில் வைப்பார். ஒரே சொல்லுக்கு இரண்டு வீட்டிலும் வேறு வேறு அர்த்தம். சன் என்ற கம்பெனியின் கணினிகள் பி.எஸ்.டி. வீட்டுப் பிள்ளைகள், பெயர் சன் ஓ.எஸ். பிறகு எப்போதோ சோலாரிஸ் என்று ஒன்று வந்தது. அது சிஸ்டம் ஃபைவ் வீட்டுப் பிள்ளை என்று படித்திருக்கிறாள். எப்போது, எப்படி மாறியது என்பது நினைவில் இல்லை. அவள் வேலைக்கு வந்தபோது எல்லாம் லினக்ஸ். லினக்ஸ் இரண்டு வீட்டுப் பேச்சையும் கேட்கும். அதனால் பிரித்துப் பார்க்கும் தேவை வந்ததே இல்லை.

தேடிப் பார்க்கலாம் என்றால் போனில் ஒரே ஒரு கோடு சிக்னல். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது, திறக்கவில்லை.

“ஏதாவது புத்தகம் இருக்கா அண்ணே? குறிப்பு?”

அழகேசன் அலமாரியிலிருந்து ஒரு நீல அட்டை நோட்டை எடுத்து வந்தார். அட்டையில் தடித்த எழுத்தில் ‘பழைய சன்’. முன்பு இங்கே கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த சிவானந்தம் எழுதியது. அவர் இறந்து இரண்டு வருஷம்.

“கிராணியார் கை. ரெண்டு புத்தகம் எழுதி வச்சாரு. முன்ன ரெண்டு மெஷின் இருந்திச்சில்ல. புது சன்னு ஆபீஸுக்கோ எங்கேயோ போயிருச்சு. நான் வர்றதுக்கு முன்னாலயே.”

“ஆபீஸுக்குப் போனது புதுசுன்னு யாரு சொன்னா?”

“இதைச் சொல்லணுமா? புதுசை அவங்க எடுத்துக்குவாங்க, பழசை நம்ம தலையில கட்டுவாங்க. தோட்டத்துல எதுலதான் அப்படி இல்ல?”

அது அவளுக்கும் தெரிந்ததுதான். அவளும் தோட்டத்து வீட்டில் பிறந்தவள்தான்.

நோட்டைப் பிரித்தாள். அழகான, சாய்ந்த எழுத்து. ‘சன் ஓ.எஸ். மெஷின்’ என்று தலைப்பு. ஓடுகிறவர்களைப் பார்க்க ps aux என்று இருந்தது. அவளும் அதைத்தான் தட்டினாள், வேலை செய்ததே. அதற்குக் கீழே: ‘கதவு பேசாவிட்டால்: fasthalt போடு. நின்றதும் சுவிட்சை அணை. முப்பது எண்ணு. மறுபடி போடு. தானாகத் துடைத்துக்கொண்டு எழும்பும்.’

மூன்று சாட்சிகள். திரை சன் ஓ.எஸ். என்கிறது. நோட்டில் உள்ள கட்டளை வேலை செய்கிறது. பம்பு வீட்டில் எல்லோரும் பழைய சன் என்கிறார்கள். எதிர்த் தரப்பில் ஓர் ஒட்டுத்தாள் மட்டும்.

“அணைச்சிட்டுப் போடணுமாம் அண்ணே.”

அழகேசன் நிலையை விட்டு நேராக நிமிர்ந்தார்.

“அணைக்கவா? வேணாம்மா. மூணு வருசத்துக்கு முன்ன கரண்டு போயி யூ.பி.எஸ். பேட்டரியும் செத்து இது அணைஞ்சிருச்சு. மறுபடி போட்டா எந்திரிக்கல. நான் யாருன்னு தெரியலன்னு சொல்லிச்சு. கோலாலம்பூர்லேருந்து ஒரு சீனக் கிழவனார் வந்து ரெண்டு நாளு உக்காந்து ஏதோ நம்பரைத் தட்டித் தட்டி எழுப்புனாரு. எழுதிக் குடுத்த தாளைக் கரையான் தின்னுருச்சு. அவரும் போயி சேந்துட்டாரு.”

தனேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். அது என்னவென்று அவளுக்குப் புரிந்தது. இந்தக் கணினிகளுக்குள் ஒரு சின்னச் சில்லு உண்டு. கணினியின் அடையாள எண் அதில்தான் எழுதியிருக்கும். சில்லுக்குள்ளேயே அடைபட்ட ஒரு பாட்டரி அதை உயிரோடு வைத்திருக்கும். அந்தப் பாட்டரி செத்து வருஷக்கணக்காகிறது. இப்போது எண்ணைத் தாங்கிப் பிடித்திருப்பது சுவரிலிருந்து வரும் மின்சாரம் மட்டுமே. சுவிட்சை அணைத்த நொடியில் கணினி தான் யார் என்பதை மறந்துவிடும். கதவு நிரலோ அந்த எண்ணைக் கேட்டுச் சரிபார்த்துத்தான் ஓடும். அதை எழுதிய கம்பெனி இப்போது இல்லை. அப்புறம் இந்தக் கதவு இன்றைக்கு மட்டும் அல்ல, என்றைக்குமே இறங்காது.

சரி, அந்த எண்ணை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம். hostid என்று கேட்டு வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். ஆனால் அதைச் சில்லுக்குள் திரும்ப ஊட்டும் வித்தை அவளுக்குத் தெரியாது. தெரிந்தவருக்கே இரண்டு நாள் ஆகியிருக்கிறது.

போன் அடித்தது. ரவாங்கிலிருந்து முதலாளி புவனேசன். சிக்னலுக்காக வெளியே ஓடினாள்.

“என்னா தனேஸ், முடிஞ்சதா?”

“இல்ல பாஸ். வாசல் பூட்டியிருக்கு. நோட்டுல அணைச்சுப் போடச் சொல்லியிருக்கு.”

“அப்புறம் என்னா? போடு லா. எல்லா மெஷினும் அதுக்குத்தானே கேக்கும்.”

“அணைச்சா எந்திரிக்காது பாஸ். பாட்டரி செத்துப்போச்சு.”

“நோட்டுல எழுதியிருக்குல்ல? எழுதுனவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? எஸ்டேட் மேனேஜர் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாரு. ஏதாச்சும் செய். சும்மா உக்காந்திருந்தோம்னு மட்டும் இருக்கக் கூடா...” லைன் அறுந்தது.

அவள் அளவைப் பார்த்தாள். பதின்மூன்றாவது கோடு. மூன்று முப்பத்தைந்து. தண்ணீர் சத்தமே போடவில்லை. அலை இல்லை, நுரை இல்லை. பழுப்பு நிறத்தில், எண்ணெய் போல, கதவின் அடியில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. காலையில் வெளியே போன குப்பைகள், ஒரு ரப்பர் செருப்பு, செம்பனை மட்டை, எல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தன.

உள்ளே வந்து fasthalt என்று தட்டினாள். கடைசி விசையைத் தட்டவில்லை. எழுத்துக்குப் பக்கத்தில் சின்னக் கட்டம் மின்னி மின்னி அணைந்தது.

அணைத்தால் ஒருவேளை எழும்பாது. அணைக்காவிட்டால் நிச்சயமாக வெள்ளம். கணக்கு அப்படித்தான் நின்றது. ஒருவேளையா நிச்சயமா என்றால் ஒருவேளையைத்தான் எடுக்க வேண்டும். விரல் ஏன் இறங்கவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளங்கை வேர்த்து, எழுதிய எண் கரைய ஆரம்பித்திருந்தது.

அழகேசனின் போன் அடித்தது. விஜயராணியின் குரல் இவளுக்கே கேட்டது.

“எங்கங்க லோரி? காவாத் தண்ணி கக்கூஸ் வரைக்கும் வந்துருச்சு. பக்கத்து வீட்டு லீலாவதி பிள்ளைங்களைத் தூக்கிட்டுப் போயிட்டா. நான் ஒருத்திதான் கிடக்கேன், பெட்டி கணக்கா.”

“வரல? மூணு மணிக்கே அனுப்பிட்டேன்னாங்களே! இரு, இரு, பயப்படாத.”

அவர் உடனே லோரிக்காரனை அழைத்தார். டவுனிலிருந்து வந்த ஆள் போலிருக்கிறது, பெயர் புனிதன்.

“தம்பி, எங்கப்பா நிக்கிற?”

“நீங்க சொன்ன எடத்துலதான் அண்ணே. புது வீட்டாண்ட. அரை மணி நேரமா நிக்கிறேன். இங்க ஒருத்தரும் கட்டில்ல இல்ல. எல்லாரும் டிவி பாக்குறாங்க.”

“எந்தப் புது வீடு?”

“சிமெண்டு வீடு. புதுசா பெயிண்ட் அடிச்சு, வரிசையா.”

“அடப்பாவி, அது தெராஸ் வீடு! நான் புது லயம்னு சொன்னேன். பலகை வீடு, பலகை வீடு! பாலத்துக்கிட்ட சாஞ்சு நிக்குதே, அது!”

“அதா? அது இடியப்போற வீடு மாதிரில்ல இருக்கு! அதைப் போயி புதுசுன்னு...”

“அறுபத்திரெண்டுல கட்டுனப்ப புதுசுடா! அதுக்கு முன்ன இருந்த பழைய லயத்தை எப்பவோ இடிச்சாச்சு. பேரு நின்னுபோச்சு. ஓட்டு, ஓட்டு, உடனே ஓட்டு!”

அழகேசன் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். தனேஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை விசைப்பலகையை விட்டு எடுபட்டிருந்தது.

“அண்ணே, இந்த மெஷினை எப்ப வாங்குனாங்க?”

“எனக்கு முன்னாலம்மா. தொண்ணூத்தெட்டுன்னு பின்னால எழுதியிருக்கும்.”

“அப்ப இன்னொண்ணு?”

“அது அதுக்கும் முன்ன. தொண்ணூத்தி ரெண்டோ மூணோ.”

“அப்போ கிராணியார் புத்தகம் எழுதுறப்ப, இதுதானே புதுசு?”

அழகேசன் திரும்பிக் கணினியைப் பார்த்தார்.

“நீங்க இதைப் பழைய சன்னு சொல்றது, இப்ப இது பழசா இருக்கிறதால. அவரு பேரு வச்ச அன்னிக்கு இது புது லயம் அண்ணே. பழைய லயம் எப்பவோ இடிச்சாச்சு. அந்த இன்னொரு புத்தகம் எங்க?”

“அது... அது நமக்கு வேணாம்னு...” அவர் ஓடினார். மூலையில் நின்ற காற்றாடி ஆடாமல் இருக்க அதன் காலுக்கு அடியில் ஒரு நோட்டு மடித்துச் செருகியிருந்தது. இழுத்ததும் காற்றாடி சாய்ந்து விழுந்தது. அட்டையில், காற்றாடிக் காலின் வட்டத் தழும்புக்குள், ‘புது சன்’.

அவள் உடனே பிரிக்கவில்லை. ஒரு பெயரை நம்பி ஏமாந்தாயிற்று. இன்னொரு பெயரை நம்பி ஏமாறக் கூடாது. fasthalt என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள். எட்டு எழுத்து. பிறகு பெயரைக் கேட்காமல் வீட்டு வழக்கத்தைக் கேட்டாள். which ps என்று தட்டினாள். நான் தட்டிய அந்தக் கட்டளை எந்த அறையிலிருந்து வருகிறது?

பதில்: /usr/ucb/ps.

யு.சி.பி. என்பது அந்தக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம். சிஸ்டம் ஃபைவ் வீட்டில், பி.எஸ்.டி. பேச்சுப் பழகியவர்களுக்காக ஒதுக்கிவைத்த தனி அறை அது. சிவானந்தம் பழைய சன்னில் பழகியவர். புது சன் வந்ததும் தன் கைப்பழக்கம் மாறாமல் இருக்க அந்த அறையை முன்னால் வைத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் கணினி பழைய வீட்டுப் பேச்சைப் பேசியது. அவள் அந்த அறையைத் தாண்டி /usr/bin/ps -ef என்று சிஸ்டம் ஃபைவ் பேச்சில் கேட்டாள். பட்டியல் வந்து விழுந்தது. /etc/init.d இருக்கிறதா என்றாள். இருந்தது. சிஸ்டம் ஃபைவ் வீட்டில் மட்டும்தான் அது இருக்கும்.

எப்போதோ படித்தது இப்போது நினைவுக்கு வந்தது: ஐந்து வந்ததும் சன் கம்பெனி வீடு மாறியிருக்கிறது. சன் ஓ.எஸ். நான்கு வரை பி.எஸ்.டி. ஐந்திலிருந்து சிஸ்டம் ஃபைவ். உள்ளே சன் ஓ.எஸ். என்ற பழைய பெயரையே வைத்துக்கொண்டு, விற்கும்போது சோலாரிஸ் இரண்டு என்று விற்றிருக்கிறார்கள். ஆக சன் ஓ.எஸ். 5.6 என்பதும் சோலாரிஸ் 2.6 என்பதும் ஒரே ஆள். ஒட்டுத்தாளும் திரையும் இரண்டுமே பொய் சொல்லவில்லை.

பதினாறாவது கோடு. மூன்று ஐம்பத்தெட்டு.

புது சன் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டே வரி. ‘பழைய சன் புத்தகத்தை இதற்குப் பாவிக்காதே. killall போடவே போடாதே. இதில் அது பெயரைக் கேட்காது, எல்லாரையும் கொன்றுவிடும்.’

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். இந்த வீட்டில் அந்தச் சொல், கணினியை மூடும் நேரத்தில் உள்ளே ஓடுவதெல்லாவற்றையும் ஒரேயடியாகத் தீர்ப்பதற்கு வைத்தது. மூன்று வருஷமாக அணையாமல் ஓடும் கணினியில், வந்த பத்தாவது நிமிஷத்தில், அதை அவள் தட்டியிருந்தாள். ஓர் இடியின் தூரம்.

“என்னாம்மா? என்னா எழுதியிருக்கு? மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?”

“ஒண்ணுமில்ல அண்ணே. கிராணியார் திட்டுறாரு.”

“அவரு எல்லாரையும் திட்டுவாரு. கதவை எறக்கச் சொல்றாரா, அதைச் சொல்லு.”

பக்கத்தைத் திருப்பினாள். ‘கதவு பேசாவிட்டால்: மெஷினை அணைக்க வேண்டாம்.’ அதற்குக் கீழே நான்கு வரி. கரப்பான் அரித்த ஓரத்தில் ஒரு பாதையின் கடைசிச் சொல் பாதியாக இருந்தது: /var/spool/lo. மீதியை ஊகிக்க அவளுக்கு நோட்டுத் தேவைப்படவில்லை. அந்த இடத்துக்குப் போய், என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

ஒரே ஒரு கோப்பு. அவளுக்குப் பழகிய வீட்டில் தாழ்ப்பாளின் பெயர் LCK என்று தொடங்கி வாசலின் பெயரோடு முடியும். இங்கே LK என்று தொடங்கி மூன்று எண்களோடு முடிந்தது. வாசலின் பெயரே அதில் இல்லை. அவளது தேடலில் அது சிக்காமல் போனதற்கு அதுதான் காரணம். திறந்து பார்த்தாள். உள்ளே ஓர் எண்: இரண்டு மணிக்கு அவள் கொன்ற நிரலின் எண்.

தட்டுவதற்கு முன் ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுப் படித்தாள். அழகேசனும் என்னவென்று தெரியாமலே பக்கத்தில் நின்று கூடவே முணுமுணுத்தார்.

நான்கு ஐந்துக்கு மோட்டார் ஒரு தடவை இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. இரும்பு தேயும் சத்தத்தில் பம்பு வீட்டின் ஜன்னல் அதிர்ந்தது. அழகேசன் வெளியே ஓடி, கரையில் நின்று, கதவின் அடிவிளிம்பு தண்ணீரைத் தொடுவதைப் பார்த்தார். தண்ணீர் அப்போதுதான் முதன்முதலாகச் சத்தம் போட்டது. அடைபடும் இடுக்கில் சீறியது. பதினெட்டாவது கோட்டில் அடங்கியது. கதவுக்கு வெளியே கடல் ஏறிக்கொண்டே இருந்தது, உள்ளே ஏறவில்லை.

அவர் போன் மறுபடி அடித்தது. புனிதன். கட்டிலை ஏற்றிவிட்டார்களாம். அக்கா லோரிமேல் படுத்துக்கொண்டு, இடது பக்கம் பார்த்து ஓட்டு, வலது பக்கம் பார்த்து ஓட்டு என்று அதிகாரம் செய்கிறாராம்.

அழகேசன் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. கரையிலேயே குந்தி உட்கார்ந்துகொண்டார். தனேஸ்வரி போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ரவாங்கிலிருந்து முதலாளி கூப்பிட்டார். என்ன செய்தாய் என்றார். அவள் சொன்னாள்:

“சன் ஓ.எஸ். அஞ்சுன்னு சொன்னா அது சோலாரிஸ், சிஸ்டம் ஃபைவ். அணைக்கக் கூடாது, killall போடக் கூடாது. உறைஞ்ச நிரலை எண்ணைப் பாத்துக் கொல்லணும். /var/spool/locks உள்ள LK-னு ஆரம்பிக்கிற கோப்பு இருக்கும். அதுக்குள்ள இருக்கிறது செத்தவனோட எண்தானான்னு பாத்துட்டு, அதை அழிக்கணும். அப்புறம் /etc/init.d-லேருந்து கதவு நிரலை start பண்ணணும். அவ்வளவுதான்.”